ஒரு மில்லிமீட்டர் இடைவெளி

படக்கருவியின் சிறப்பைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வில்லையைப் பற்றியே பேசுவர். வில்லையின் தெளிவு, அது வாங்கும் ஒளியின் அளவு, அதனை வடிவமைத்த அறிஞரின் பெயர் ஆகியவை நூல்களில் இடம்பெறும். அந்த வில்லையைக் கருவியின் உடலோடு சேர்த்து நிறுத்தும் உலோக வளையத்தை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கதவின் வேலைப்பாட்டைப் போற்றுவோர் கீலை நினைப்பதுண்டா? ஆயினும் ஒரு நிறுவனத்தின் வில்லை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் அமருமா, நேற்று வாங்கிய வில்லை இன்று வெளிவந்த கருவிக்குப் பொருந்துமா என்னும் வினாக்களுக்கு அந்த வளையமே விடை கூறுகிறது. அவ்விடையால் போரில் தோற்ற ஒரு நாட்டின் தொழில் தலைநிமிர்ந்தது. அதே விடையால் விலையுயர்ந்த கருவி ஒன்று மீளமுடியாதபடி அறுக்கப்பட்டது. எண்ணற்ற மக்கள் பொருள் கொடுத்து வாங்கிய நல்ல வில்லைகள் ஒரே அறிவிப்பால் வாரிசற்றுப் போனதும் உண்டு.

ஆங்கிலத்தில் மவுண்ட் எனப்படும் அவ்வளையத்தைத் தமிழில் பூட்டுவாய் எனலாம். அது இரண்டு வகைப்படும். ஒன்று மரை வகை. புட்டிக்கு மூடியைத் திருகுவது போல வில்லையைத் திருகிச் சேர்ப்பது. மற்றொன்று செருகு வகை. மின்விளக்குக் குமிழைச் செருகிச் சற்றே திருப்பிப் பூட்டுவது போன்றது. எவ்வகையாயினும் அதன் முதற்கடமை ஒன்றே. பூட்டுவாயின் முகத்திலிருந்து உள்ளே இருக்கும் படச்சுருள் வரையுள்ள தூரத்தை அது இம்மியும் பிசகாமல் காக்கவேண்டும். இத்தூரத்தைப் பூட்டுத்தூரம் என்று குறிப்போம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பூட்டுத்தூரத்தை வகுத்துக்கொண்டு, அதற்கு இசைந்தே தன் வில்லைகளைச் செய்கிறது.

ஏன் இத்துணைக் கண்டிப்பு? பள்ளியில் பயிலும் ஒளியியலே இதற்கு விடை தரும். தொலைவிலுள்ள மலையின் உருவத்தை வில்லை தன் குவியத்தில் வீழ்த்துகிறது. 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை, இருக்கவேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முன்னே தள்ளி நின்றுவிட்டால், முடிவிலிக்குத் திருப்பி வைத்தாலும் அது ஏறத்தாழ 25 மீட்டரில் உள்ள பொருளையே தெளிவாகக் காட்டும். ஐம்பதை ஐம்பதால் பெருக்கி, வந்த தொகையைப் பத்தில் ஒன்றால் வகுத்தால் 25,000 மில்லிமீட்டர் என்னும் இக்கணக்கு மாணவருக்கும் விளங்கும். பிழை ஒரு முழு மில்லிமீட்டரானால் இரண்டரை மீட்டருக்கு அப்பாலுள்ள அனைத்தும் மங்கலே. மலையைப் படம் பிடிக்கச் சென்றவர் எதிரே நிற்கும் நண்பரை மட்டுமே பிடித்துக்கொண்டு திரும்புவார்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. நீண்ட பூட்டுத்தூரத்துக்கெனச் செய்த வில்லையைக் குறுகிய பூட்டுத்தூரமுள்ள கருவியில் பொருத்துவது எளிது. இடையே எஞ்சும் வெளியை ஒரு வளையத்தால் நிரப்பினால் போதும். குறுகிய தூரத்துக்கு உரிய வில்லையை நீண்ட தூரக் கருவியில் பொருத்துவதோ அரிது. அவ்வில்லை கருவியின் உடலுக்குள் அமிழ்ந்து இறங்க வேண்டும். அங்கே அதற்கு இடமிராது. பூட்டுவாய் மாற்றத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

செர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த லைட்ஸ் நிறுவனம் 1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில் லைக்கா என்னும் சிறு படக்கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் ஆஸ்கார் பார்னாக். திரைப்படச் சுருளையே அதற்குப் படச்சுருளாக்கி, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் விழும்படி செய்தார் அவர். முதலில் வந்த லைக்காவில் வில்லை உடலோடு நிலையாக இணைந்திருந்தது. 1930இல்தான் கழற்றி மாற்றும் வில்லைகள் வந்தன. 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை அதற்கு வாயாயிற்று. இதில் ஒரு வியப்பு உண்டு. விட்டம் மெட்ரிக் அளவு. மரையின் நெருக்கமோ அங்குலத்துக்கு 26 சுற்று என்னும் ஆங்கிலேய அளவு. நுண்ணோக்கி செய்வோர் அக்காலத்தில் ஆங்கிலேய மரையையே பின்பற்றினர் என்பதும், அப்பழக்கமே இங்கும் தொடர்ந்தது என்பதும் பொதுவாகக் கூறப்படும் விளக்கமாகும்.

கழற்றும் வில்லை வந்தது. ஆனால் உண்மையில் மாற்றும் வசதி வரவில்லை. அந்த ஓராண்டில் வெளிவந்த கருவிகளின் பூட்டுத்தூரம் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டது. ஆகையால் ஒவ்வொரு வில்லையையும் ஒவ்வொரு கருவிக்கென்றே தனியாக ஆலையில் சரிசெய்து, அக்கருவியின் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வில்லையில் பொறித்துக் கொடுத்தனர். வேறு லைக்காவில் திருகினால் மரை பிடிக்கும், படம் பிடிக்காது. 1931இல் இக்குறை நீங்கியது. பூட்டுத்தூரம் 28.8 மில்லிமீட்டர் என்று நிலைபெற்றது. அவ்வளவுக்கு இசைந்த கருவிகளின் வாயிலும் வில்லைகளிலும் ஒரு சிறு சுழியம் பொறிக்கப்பட்டது. பழைய கருவி வைத்திருந்தோர் அதனை ஆலைக்கு அனுப்பினால் புதிய முறைக்கு மாற்றித் தந்தனர். பின்னாளில் தூரமானி பொருத்திய லைக்கா வந்தபோதும் பழையவற்றைப் புதியவையாக மாற்றிக் கொடுக்கும் வழக்கம் நீடித்தது. வாங்கியவரைக் கைவிடாத இப்பண்பு, அந்நிறுவனத்துக்குப் பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது.

நல்ல வழி ஒன்று திறந்தால் பலரும் அதில் நடப்பது இயல்பு. 1934இல் சோவியத்து நாட்டின் கார்கோவ் நகரில் லைக்காவைப் பார்த்து ஃபெட் என்னும் கருவியைச் செய்தனர். வீடற்ற சிறுவர்க்கென நிறுவப்பட்ட உழைப்புக் குடியிருப்பில் அது உருவாயிற்று. அதன் மரையும் 39 மில்லிமீட்டரே. சுற்றின் நெருக்கத்தில் மட்டும் அங்குலக் கணக்கை விட்டு ஒரு மில்லிமீட்டர் என வைத்தனர். லைக்காவின் சுற்றிடைவெளி 0.977 மில்லிமீட்டர், வேறுபாடு மிகச் சிறிது என்பதால் ஒன்றின் வில்லை மற்றதில் சில சுற்றுகள் ஏறும். ஆயினும் போருக்கு முந்திய ஃபெட் கருவிகளில் பூட்டுத்தூரம் ஒரே அளவில் இல்லை. லைட்ஸ் ஆலை 1931இல் தீர்த்த சிக்கல் அங்கே மறுபடியும் தலைகாட்டியது. வாயின் விட்டம் ஒத்தால் மட்டும் வில்லை பொருந்திவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லைக்கா மரை ஒரு பொதுச் சொத்துப் போல ஆயிற்று. செர்மானியக் காப்புரிமைகள் செல்லாதனவாக, இங்கிலாந்தில் ரீட், அமெரிக்காவில் கார்டன், சப்பானில் கேனன், நிக்கா, லியோட்டாக்ஸ் எனப் பல கருவிகள் அதே 39 மில்லிமீட்டர் வாயோடு வந்தன. இவற்றுள் சப்பானின் கதையே விரித்துச் சொல்லத்தக்கது.

தோக்கியோவில் 1917இல் தோன்றிய நிப்பான் கோகக்கு நிறுவனம் போர்க்காலம் முழுவதும் படைத்துறைக்கே ஒளியியல் கருவிகளைச் செய்தது. படக்கருவி விற்பனையில் அதன் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாதிருந்தாலும், வில்லை செய்வதில் அதன் கை தேர்ந்த கைதான். 1936இல் விற்பனைக்கு வந்த ஹான்சா கேனன் என்னும் கருவிக்கு வில்லையும் பூட்டுவாயும் தூரமானியின் ஒளியியல் உறுப்புகளும் செய்து கொடுத்தது இந்நிறுவனமே. பிற்காலத்தில் எதிரெதிர் அணிகளாக நின்ற கேனனும் நிக்கானும் தொடக்கத்தில் ஒரே வாயால் இணைந்திருந்தன என்பது இன்றைய இளைஞர் பலருக்கு வியப்பளிக்கும்.

போர் முடிந்தது. படைத்துறை இல்லை, வாங்குவோரும் இல்லை. அமைதிக்காலப் பொருள்களைச் செய்து பிழைக்கவேண்டிய நிலையில் நிப்பான் கோகக்கு 1948இல் நிக்கான் என்னும் தன் முதற் படக்கருவியை வெளியிட்டது. அதன் வாய் லைக்காவின் மரை அன்று. டிரெஸ்டன் நகரின் சைஸ் ஐக்கான் நிறுவனம் 1932இல் வெளியிட்ட காண்டாக்ஸ் என்னும் கருவியின் செருகு வகையை அது பின்பற்றியது. காண்டாக்ஸ் வில்லை நிக்கானில் ஏறும். நிக்கான் வில்லை காண்டாக்ஸில் ஏறும். பூட்டுத்தூரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இங்கே நுட்பமான ஒரு பிணக்கு மறைந்திருந்தது.

தூரமானிக் கருவியில் வில்லை முன்னும் பின்னும் நகர, அந்த நகர்வு உள்ளிருக்கும் தூரமானிக்கும் எட்டவேண்டும். 50 மில்லிமீட்டர் என எழுதப்பட்ட வில்லைகளின் உண்மைக் குவியத் தூரம் சரியாக ஐம்பது அன்று. லைக்காவைப் போல நிக்கான் அதனை 51.6 எனக் கொண்டு தன் பொறியமைப்பைச் செய்தது. காண்டாக்ஸோ அதனினும் சற்றுக் கூடுதலான அளவைக் கொண்டது. ஆகவே அகலக்கோண வில்லைகளை மாற்றிப் போட்டால் தீங்கு தெரியாது. அவற்றின் தெளிவெல்லை அகலமானது, சிறு பிழையை மறைத்துவிடும். நெடுந்தூர வில்லைகளை மாற்றினால் தூரமானி ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்லும். நிப்பான் கோகக்கு இதனை அறிந்தே இருந்தது. காண்டாக்ஸ் வைத்திருப்போர்க்கென நெடுந்தூர வில்லைகளைத் தனியாகச் செய்து, அவற்றில் 'சி' என்னும் எழுத்தைப் பொறித்து விற்றது. அதனோடு நில்லாமல் லைக்கா மரையிலும் தன் வில்லைகளை வெளியிட்டது. தன் கருவியை வாங்காதவரும் தன் வில்லையை வாங்கட்டும் என்னும் கணக்கு அது. வறுமையில் பிறந்த கணக்காயினும் அறிவுடைய கணக்கு.

அதன் பயன் 1950இல் விளைந்தது. லைஃப் இதழின் அமெரிக்க ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்போது தோக்கியோவில் இருந்தார். அதே இதழுக்குப் பணியாற்றிய சப்பானியரான ஜுன் மிக்கி, தம் லைக்காவில் 85 மில்லிமீட்டர் நிக்கோர் வில்லையைப் பொருத்தி டங்கனைப் படமெடுத்தார். பெரிதாக்கிய படியைக் கண்ட டங்கன் அதன் கூர்மையில் மயங்கினார். செர்மானிய வில்லைக்கு நிகர் உலகில் இல்லை என்று எண்ணிய காலம் அது. உடனே நிப்பான் கோகக்கு ஆலைக்குச் சென்று, வில்லைகளைச் சோதித்துப் பார்த்து, தம் லைக்காக்களுக்கு நிக்கோர் வில்லைகளை வாங்கிக்கொண்டார். அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. டங்கன் போர்க்களம் சென்றார். அக்கடுங்குளிரில் பின்வாங்கிய அமெரிக்க மரைன் படை வீரர்களின் முகங்களை அவர் எடுத்த படங்கள் உலகை உலுக்கின. 1951இல் அவை நூலாகவும் வந்தன. படங்களின் தெளிவைக் கண்ட நியூயார்க் இதழாளர்கள் வில்லையின் பெயரைக் கேட்கத் தொடங்கினர். 1950 டிசம்பர் 10ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளேடு சப்பானியப் படக்கருவி பற்றி எழுதியது.

நிப்பான் கோகக்கு தன் வில்லையைத் தன் வாயில் மட்டுமே செய்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? மிக்கியின் லைக்காவில் அது ஏறியிராது. டங்கன் அதனைக் கண்டிருக்கமாட்டார். கண்டிருந்தாலும், போர்க்களம் செல்பவர் தாம் பழகிய கருவியை விட்டுப் பெயர் தெரியாத புதுக்கருவியைக் கையில் எடுப்பாரா? பிறர் வீட்டு வாசலுக்கு ஏற்றபடி வடித்த வில்லைதான் அந்நிறுவனத்தை அமெரிக்காவுக்குள் அழைத்துச் சென்றது.

இத்தகைய போட்டியை எதிர்கொண்ட லைட்ஸ் நிறுவனம் 1954இல் எம்3 என்னும் புதிய லைக்காவை வெளியிட்டது. மரை வாய் போய்ச் செருகு வாய் வந்தது. மரையைச் சுற்றிச் சுற்றி ஏற்றும் நேரத்தில் காட்சி மறைந்துவிடும் என்ற குறை அதனால் நீங்கியது. ஆனால் கால் நூற்றாண்டாக மக்கள் வாங்கிச் சேர்த்த மரை வில்லைகளின் கதி என்ன? இங்கேதான் பொறியாளரின் உள்ளம் வெளிப்படுகிறது. புதிய கருவியின் பூட்டுத்தூரத்தை அவர்கள் 27.8 மில்லிமீட்டர் என வைத்தனர். பழையதைவிடச் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டரில் மெல்லிய வளையம் ஒன்று அமரும். வெளிப்புறம் செருகு பூட்டு, உட்புறம் மரை. தூரமானியோடு இணையும் பழைய மரை வில்லையும் அதன்வழியே புதிய கருவியில் இசைந்து இயங்கியது. வில்லையின் குவியத் தூரத்துக்கு ஏற்பக் காட்சிச் சட்டம் தானே மாறும் அமைப்பு எம்3இல் இருந்ததால், 50, 90, 135 என மூவகை வளையங்கள் செய்யப்பட்டன. இதில் வணிக நோக்கமும் உண்டு என்பது மறுக்கத்தக்கதன்று. பழைய வில்லை வைத்திருப்பவர் புதிய உடலை அஞ்சாமல் வாங்குவார் அல்லவா? நோக்கம் எதுவாயினும், மாற்றத்தை முன்கூட்டியே எண்ணி இடம் விட்டு வைத்த செயல் அது. மறுதிசையில் வழியில்லை என்பதையும் இங்கே காணலாம். எம் வில்லையை மரைக் கருவியில் பொருத்த எந்த வளையமும் உதவாது.

இதற்கிடையே வேறொரு குடும்பம் வளர்ந்துகொண்டிருந்தது. வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே சாய்ந்த ஆடி ஒன்றை வைத்து, வில்லை காணும் காட்சியையே கண்ணுக்குக் காட்டும் கருவிகள் அவை. ஆடி மேலெழுந்து விலக இடம் வேண்டுமாகையால் அவற்றின் பூட்டுத்தூரம் நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டியது. டிரெஸ்டனில் 1949இல் 42 மில்லிமீட்டர் மரையோடும் 45.46 மில்லிமீட்டர் பூட்டுத்தூரத்தோடும் ஒரு முறை பிறந்தது. சப்பானின் அசாகி நிறுவனம் 1957இல் தன் பென்டாக்ஸ் கருவிக்கு அதனை ஏற்றது. யாசிக்கா, ரிக்கோ, சோவியத்து செனித் முதலியவையும் சேர, அது பன்னாட்டு மரையாயிற்று. அதே 1957இல் சப்பானின் தாய்செய் என்னும் நிறுவனம், பின்னாளில் தாம்ரான் எனப் பெயர்பெற்றது, வில்லையைப் பூட்டுவாய் இன்றியே செய்து, வாங்குவோர் தம் கருவிக்கேற்ற வளையத்தைத் தனியே பொருத்திக்கொள்ளும் முறையைக் கொணர்ந்தது. 1975இல் பென்டாக்ஸ் செருகு வாய்க்கு மாறியபோது 45.46 என்னும் அளவை மாற்றவில்லை. எனவே பழைய மரை வில்லை, புதிய வாயின் உட்புறத்தில் அடங்கிவிடும் வளையத்தால் பொருந்திற்று.

வளையமே இல்லாத இடத்தில் கடைசல் பட்டறைதான் துணை. அங்கே நடப்பதைச் சுருக்கமாகக் கூறலாம். வில்லையின் பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பழைய வாயை எடுத்துவிடுவர். புதிய வாயைப் பித்தளையில் கடைந்து அவ்விடத்தில் வைப்பர். தூரம் மிகுந்தால் பித்தளையை நூலளவு சீவுவர். குறைந்தால் மெல்லிய தகடுகளை இடையே செருகுவர். கருவியின் பின்கதவைத் திறந்து, படச்சுருள் இருக்குமிடத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்து, தொலைவுப் பொருள் அதில் கூர்மையாக விழுகிறதா என உருப்பெருக்கியால் பார்ப்பர். பின்னர் ஒளித்துளையைச் சுருக்கும் நெம்புகோல் ஆடியில் இடிக்கிறதா, வில்லையின் பின்கண்ணாடி ஆடியின் வழியை மறிக்கிறதா எனச் சோதிப்பர். கருவி தானாக ஒளித்துளையைச் சுருக்கும் வசதி பெரும்பாலும் இம்மாற்றத்தில் இழக்கப்படும். படமெடுப்பவர் கையாலேயே அதனைச் செய்துகொள்ள வேண்டும். எந்த மாற்றமும் எதையேனும் ஈடாகக் கேட்கிறது.

மிகப் பெரிய ஈட்டைக் கொடுத்தவர் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக். பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழும் தாக்கரேயின் கதையைப் பாரி லிண்டன் என்னும் படமாக எடுக்க முனைந்த அவர், மின்விளக்கு இல்லாத காலத்து இரவைக் காட்ட மின்விளக்கைப் பயன்படுத்தலாகாது என உறுதி கொண்டார். மெழுகுவத்தி ஒளியிலேயே படமெடுக்க வேண்டுமெனில் அந்நாளைய திரைப்பட வில்லைகளின் ஒளித்துளை போதாது. அப்போது சைஸ் நிறுவனத்தின் வில்லை ஒன்று அவர் காதுக்கு எட்டியது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்துக்காக 1966இல் செய்யப்பட்ட அவ்வில்லையின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர்; ஒளித்துளை எஃப் 0.7. அதாவது துளையின் விட்டம் குவியத் தூரத்தையே மிஞ்சி ஏறத்தாழ 71 மில்லிமீட்டர். எஃப் 1.4 வில்லையைப்போல் நான்கு மடங்கு ஒளியை அது வாங்கும். செய்யப்பட்டவை பத்தே. அவற்றுள் மூன்றைக் கூப்ரிக் வாங்கினார்.

வாங்கியபின் அவற்றைத் தம் மிட்சல் பி.என்.சி. திரைப்படக் கருவியில் பொருத்தித் தருமாறு எட் டிஜூலியோ என்னும் பொறியாளரைக் கேட்டார். அளவுகளைப் பார்த்த டிஜூலியோ இயலாது என்றே முதலில் மறுமொழி தந்தார். காரணம் தெளிவு. வில்லையின் அகன்ற பின்கண்ணாடி படச்சுருளுக்கு நான்கு மில்லிமீட்டர் அருகில் வந்து நிற்கவேண்டும். அவ்விடத்திலோ சுழலும் ஷட்டர் இருந்தது. கூப்ரிக் விடவில்லை. கருவியின் முன்முகத்தைக் குடைந்து, ஷட்டரின் அமைப்பைத் திருத்தினால் இடம் கிடைக்கும். ஆனால் அதன்பின் அக்கருவியில் வேறெந்த வில்லையும் ஏறாது என்று எச்சரித்தார் டிஜூலியோ. கூப்ரிக் இசைந்தார். உலகின் மிகச் சிறந்த திரைப்படக் கருவிகளுள் ஒன்று, ஒரே வில்லைக்கு அடிமையாயிற்று.

வில்லையிலும் வேலை மிகுந்திருந்தது. அது ஒளிப்படக் கருவிக்கென ஷட்டரோடு கூடிய குழலில் அமைந்திருந்தது. தூரத்தைக் காட்டும் அளவுகோல் அதில் இல்லை. நகர்த்தித் தெளிவு காண்பதற்கான பொறியைப் புதிதாகச் செய்து, அடி அடியாக அளந்து குறியிட்டனர். வில்லைவழியே நேராகப் பார்க்கும் வசதி போனதால், பழைய டெக்னிக்கலர் கருவி ஒன்றின் பக்கக் காட்சிப் பெட்டியைக் கொணர்ந்து பொருத்தினர். படப்பிடிப்பிலோ மற்றொரு தொல்லை. அத்துணை அகன்ற ஒளித்துளையில் தெளிவெல்லை மிகவும் குறுகிவிடும். நடிகர் சற்றே முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கும். ஆகையால் பக்கவாட்டில் செங்கோணமாக ஒரு தொலைக்காட்சிப் படக்கருவியை வைத்து, அதன் திரையில் கட்டங்கள் வரைந்து, நடிகர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைப் பார்த்து ஒளிப்பதிவு உதவியாளர் தூரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். மெழுகுவத்திக் காட்சிகளில் மாந்தர் ஓவியம்போல் அசையாது அமர்ந்திருப்பதைத் திறனாய்வாளர் பலர் கலைநோக்கால் விளக்குவர். அக்கலையில் அரைப்பங்கு அந்தப் பூட்டுவாய்க்கு உரியது என்றாலும் தவறில்லை. படம் 1975இல் வெளிவந்தது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் அதற்காக ஆஸ்கார் விருது பெற்றார்.

கூப்ரிக் அறுத்தது தம் கருவியை. 1987இல் கேனன் நிறுவனம் அறுத்தது மற்றவர்களின் உடைமையை. அதுவரை அதன் ஆடிக் கருவிகளின் பூட்டுத்தூரம் 42 மில்லிமீட்டர். தானே தெளிவு காணும் புதிய கருவிகளுக்கென அது ஒரு புதிய வாயை வகுத்தது. 54 மில்லிமீட்டர் அகலம், வில்லைக்குள்ளேயே மின்பொறி, கம்பியோ நெம்புகோலோ இன்றி மின்தொடர்பு மட்டும் என அது பொறியியல் நோக்கில் குறைகூற முடியாத அமைப்பு. ஆனால் பூட்டுத்தூரம் 44 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் கூடிவிட்டது. விளைவு யாது? பழைய 50 மில்லிமீட்டர் கேனன் வில்லையைப் புதிய கேனனின் வாயில் வைத்தால், வளையத்தின் தடிப்பைக் கணக்கில் கொள்ளாவிடினும், ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. இடையே கண்ணாடி வைத்த இணைப்பு ஒன்றைக் கேனன் விற்றது உண்மையே. அது சில பெரிய நெடுந்தூர வில்லைகளுக்கு மட்டுமே பொருந்தியது. தொழில்முறைக் கலைஞரைச் சமாதானப்படுத்தும் அளவோடு அது நின்றது. ஊதியத்தில் மிச்சம் பிடித்து இரண்டு மூன்று வில்லைகள் வாங்கியிருந்த எளியவர்க்கு அதனால் பயனில்லை.

இதில் ஒரு நகைச்சுவையும் உண்டு. போட்டியாளரான நிக்கான் 1959 முதல் காத்துவந்த பூட்டுத்தூரம் 46.5 மில்லிமீட்டர். எனவே நிக்கான் வில்லை இரண்டரை மில்லிமீட்டர் வளையத்தோடு புதிய கேனனில் நன்றாக அமரும். டிரெஸ்டனின் பழைய மரை வில்லையும் அமரும். சொந்தப் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு அயலாரை எல்லாம் வரவேற்கும் வீடாயிற்று அது! நிக்கானும் குறையற்றதன்று. 1977இல் ஒளித்துளையைக் கருவிக்கு உணர்த்தும் முறையை மாற்றியபோது பழைய வில்லைகள் புதிய கருவிக்கு அப்படியே பொருந்தாமல் போயின. ஆனால் அந்நிறுவனம் பழைய வில்லைகளின் வளையத்தைக் கட்டணத்துக்கு மாற்றிக் கொடுத்தது. இருவர் வழிக்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே. வாங்கியவர்க்கோ அது சிறு வேற்றுமை அன்று. வணிகத்தில் கேனனே வென்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

படச்சுருளின் இடத்தை மின்னணு ஒளியுணரி பிடித்தபின் ஆடிக்குத் தேவையில்லாமல் போயிற்று. 2008இல் ஆடியற்ற மாற்றுவில்லைக் கருவி சந்தைக்கு வந்தது. ஆடி நீங்கவே பூட்டுத்தூரம் சடாரெனச் சுருங்கியது. 2010இல் சோனி வகுத்த வாய்க்கு 18 மில்லிமீட்டர். 2018இல் நிக்கான் 16 மில்லிமீட்டரும் கேனன் 20 மில்லிமீட்டரும் வகுத்தன. பழைய விதி இப்போது எல்லாருக்கும் சாதகமாகத் திரும்பிற்று. உலகில் முன்பு செய்யப்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருள் வில்லைகளில் பெரும்பாலானவை இக்கருவிகளைவிட நீண்ட தூரத்துக்கு உரியவை. எனவே வெறும் குழல் ஒன்றே போதும். 1987இல் வெளியேற்றப்பட்ட கேனன் வில்லை, 31 ஆண்டுகளுக்குப் பின், 22 மில்லிமீட்டர் குழலோடு, கண்ணாடி எதுவும் இடையிலின்றி, கேனன் உடலிலேயே மீண்டும் மலையைத் தெளிவாகக் கண்டது. பரண்களில் கிடந்த வில்லைகளுக்கு விலை ஏறியது.

எல்லாம் இனிதாயிற்று என்பதற்கில்லை. தூரமானிக் கருவிகளின் அகலக்கோண வில்லைகள் படச்சுருளை நெருங்கி நின்று, ஓரங்களுக்கு மிகச் சாய்ந்த கதிர்களை அனுப்புபவை. படச்சுருள் அதனைப் பொறுத்துக்கொண்டது; ஒளியுணரி பொறுப்பதில்லை. ஓரங்களில் நிறம் திரிந்து தெளிவு குன்றுகிறது. இப்பிழையைத் தகடு செருகியோ பித்தளையைச் சீவியோ திருத்த எந்தப் பட்டறையாலும் ஆகாது.

ஆனால் 1930இல் வெட்ஸ்லாரிலிருந்து வந்த 50 மில்லிமீட்டர் வில்லைகளுக்கு அத்தொல்லை பெரிதாக இல்லை. மூன்று இலக்கம் பொறித்து ஒரே கருவிக்கென ஒதுக்கப்பட்டவை அவை. இன்றைய கருவியில் தூரமானி இல்லை. ஒளியுணரியில் விழும் உருவத்தையே பெரிதாக்கிப் பார்த்துத் தெளிவு காண்கின்றனர். வளையம் செய்வோரும் முடிவிலி தவறாதபடி அதனை நூலளவு குறைத்தே கடைகின்றனர். தனக்குரிய உடலை என்றோ இழந்துவிட்ட அத்தகைய வில்லை, இன்று நிக்கான், சோனி, கேனன் என எந்த உடலிலும் ஏறிப் படம் தருகிறது. பொறித்த மூன்று இலக்கங்கள் மட்டும் அதில் அப்படியே இருக்கின்றன.